மாப்பிள்ளையின் படுக்கை

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சின்னவள் காது கொடுத்தாள். உள்ளே துணி மடிக்கிற மடிப்பறையில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. மரத்தரையில் யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல டக் டக் டக்கென்று ஒரே சீரான சத்தம். மாப்பிள்ளை பின்னங்காலால் கக்கத்தைச் சொறியும்போது முட்டி தரையில் இடிக்கிற சத்தம் அது. கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. நிற்கிற நேரம்தான் அவளுக்கு இன்னும் கவலை. சொறிவதை நிறுத்தினால் நக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். விரல் இடுக்குகளை நக்கி நக்கி வெள்ளை முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருந்தது.

"மாப்பிள்ளை! போதும்டா, தோலை உரிச்சுடாத!" என்று குரல் கொடுத்தாள்.

கடைக்குப் புதிதாக வந்த ஒருவர் சட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எந்த வீட்டு மாப்பிள்ளையை எந்தப் பெண் இப்படி அதட்டுவாள் என்ற கேள்வி அவர் முகத்திலேயே இருந்தது. "நாய்" என்றாள் சின்னவள், தலையைக் குனிந்துகொண்டே. புதியவர்களிடம் அவளுக்கு ஒரு சொல்லுக்கு மேல் வராது.

அந்தப் பெயர் அம்மா வைத்தது. பெரியவளுக்குக் கல்யாணமாகி அவள் புருஷன் முதல்முறை வீட்டுக்கு வந்துபோன வாரத்தில்தான் சலவைக்கடையின் பின்கதவோரம் நனைந்துபோய் ஒரு குட்டி நின்றது. அம்மா ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டாள். தின்றது. இன்னும் வேண்டும் என்று பார்த்தது. அதையும் தின்றுவிட்டு யாரையும் கேட்காமல் மடிப்பறைக்குள் போய், மேசைக்கு அடியில் கிழிசலென்று கழித்துப் போட்டிருந்த விரிப்புகளின் மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்த மாப்பிள்ளையாவது சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாரு. இவரு சாப்பிட்டாரு, படுத்தாரு. இவருதாண்டி அசல்."

பெரியவளின் புருஷனுக்கு முதலில் மனத்தாங்கல்தான். கைப்பேசிகளைப் பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிற மனிதர், எதையும் பிரித்துப் பார்த்துச் சரி செய்துகொள்கிறவர். இதையும் அப்படியே சரி செய்துகொண்டார். அப்பா "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகளும் திரும்பும். பின்னால் 'வா' என்று வந்தால் நாய், 'வாங்க' என்று வந்தால் தான் என்று அவர் தெரிந்துவைத்திருந்தார். அப்பா அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுகிற நாட்களில் அம்மா வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அம்மாவின் இடம் மடிப்பறை. முன்பக்கம் கடை, அதில் இஸ்திரி மேசை. அதற்குப் பின்னால் மடிப்பறை, அதற்கும் பின்னால் மெஷின்கள் ஓடுகிற அறை. பக்கவாட்டில் ஒரு நடை, நடையைத் தாண்டினால் சமையல்கட்டும் படுக்கிற அறையும். வீடும் கடையும் எங்கே பிரிகின்றன என்று அந்த வீட்டு ஆட்களுக்கே தெரியாது. டிரையரிலிருந்து லாட்ஜ் விரிப்புகள் சுடச்சுட வந்து மேசையில் மலையாகக் குவியும். அம்மா முக்காலியில் உட்கார்ந்து இரு முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறுவாள். காற்றில் வெள்ளையாக உப்பி இறங்கும் அந்த விரிப்பு. அதற்குக் கீழே மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, மோவாயை அவள் பாதத்தின்மேல் வைத்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்னவள் மறுமுனையைப் பிடிப்பாள். இருவரும் கிட்டே வந்து மடித்து, விலகி, மறுபடி கிட்டே வருவார்கள். ஒவ்வொரு முறை கிட்டே வரும்போதும் அம்மா அவள் மூக்கைத் தன் மூக்கால் இடிப்பாள். அந்த விரிப்பில் யார் படுப்பார், என்ன கனவு காண்பார் என்று கதை கட்டுவாள். "இதுல ஒரு குறட்டைக்காரன் படுப்பான். பக்கத்து ரூம்காரன் செவுத்தத் தட்டுவான் பாரு."

அம்மா போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்துவிட்டன. முக்காலி அங்கேயே இருக்கிறது. சின்னவள் நின்றுகொண்டே தனியாக மடிக்கிறாள். மாப்பிள்ளை மோவாயை முக்காலியின் கீழ்ச்சட்டத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறது, பாதம் இருந்த இடத்தில்.

அரிப்பு தொடங்கியது அதன் பிறகுதான். முதலில் காதை உதறியது. அப்புறம் வயிறு சிவந்தது. பொரிப்பொரியாக எழும்பி, சில இடங்களில் முடி கொட்டிப் பளபளவென்று நீர் கோத்தது.

அப்பாவுக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான். "அழுக்குன்னு ஒன்னு இருந்தாத்தானே நோய் வரும்? எடு, தோய்ச்சுடலாம்." துணி துவைத்தே காய்த்துப்போன கை அது, சும்மா இருந்து சின்னவள் பார்த்ததில்லை. நாயைக் குளிப்பாட்டினார். சொறிந்தது. இன்னும் அடிக்கடி குளிப்பாட்டினார். படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றினார். புதிதாகப் பிடித்த பெரிய லாட்ஜுக்காகக் கடைசி அலசலில் ஒரு நீலநிற வாசனைத் திரவம் ஊற்றுவார்கள். அதில் மாப்பிள்ளையின் துணிக்கு மட்டும் தாராளம். "நோயாளிப் பிள்ள. அவனுக்கு ஒரு மூடி சேத்தே ஊத்து" என்பார். தெருவிலேயே மணக்கிற நாய் அதுதான். தெருவிலேயே அதிகம் சொறிகிற நாயும் அதுதான்.

நாய் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட்களிடம் பேசாமல் நேராக நாயிடமே பேசுவார். "என்ன சார், தூக்கம் வரலையா?" முதலில் உண்ணிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். பயனில்லை. பிறகு சாப்பாட்டை மாற்றினார். வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும் தவிர வாயில் எதுவும் படக் கூடாது. அப்பா காலை டீயோடு பிஸ்கட் தின்பதை மாப்பிள்ளை ஏக்கத்துடன் பார்க்கும் என்பதால், அந்த வாரங்களில் மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகத் தின்றார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் புனலை மாட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை அதோடு கதவிலும் சுவரிலும் இடித்துக்கொண்டு நடந்தது. "என்னடா, ஸ்பீக்கர் கட்டிட்டு எந்தக் கூட்டத்துக்குப் பேசப்போற?" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

அடுத்த முறை அப்பா அதைப் புத்தம்புதிதாகத் துவைத்த விரிப்பில் சுற்றிக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் குனிந்தார். தும்மினார். இன்னொரு முறை தும்மினார்.

"என்ன இது, பூக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு?"

"நம்ம கடை வாசனைதான் டாக்டர்" என்றார் அப்பா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இவனுக்குன்னு தினமும் தோய்ச்சு விரிக்கிறோம். ஒரு மூடி கூடவே ஊத்துறது."

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையை மெல்லப் புரட்டினார். "முதுகப் பாருங்க, ஒன்னும் இல்ல. வயிறு, தொடையிடுக்கு, கக்கம், பாதம். எங்கெல்லாம் முடி கம்மியோ, எங்கெல்லாம் படுக்கை படுதோ, அங்க மட்டும்தான். துணிய எத்தன தண்ணியில அலசுறீங்க?"

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். சின்னவளுக்குத் தெரியும். அம்மா இருந்தவரை எல்லாத் துணிக்கும் கடைசியாக வெறுந்தண்ணீரில் இன்னொரு அலசு உண்டு. "சோப்பு துணியோட போயிடக் கூடாது, உடுத்துறவங்க உடம்புல ஊறும்" என்பாள். அப்பா அவளைத் தண்ணிப் பைத்தியம் என்று கேலி செய்வார். அவள் போன பிறகு நேரம் போதவில்லை என்று அந்த அலசு நின்றுபோனது. வாசனைத் திரவம் வந்தது.

"துணியில தங்குற சோப்பும் வாசனையும் ஒத்துக்கல. இது அடியோட போற சமாச்சாரம் இல்ல" என்றார் டாக்டர். "ஒரு தடவ உடம்பு கண்டுக்கிச்சுன்னா அப்பப்ப வரும். சமாளிச்சுக்கலாம். பழைய பருத்தித் துணி, வெறுந்தண்ணியில அலசினது, அதுல படுக்கட்டும். அந்த மடிக்கிற ரூம் பக்கமே விடாதீங்க. அங்க இருந்தா ஊசிமேல ஊசிதான் போடணும். ஈரல் தாங்காது. என்ன சார், சரிதானே?" மாப்பிள்ளை புனலுக்குள்ளிருந்து அவர் கையை நக்கியது.

 திரும்பி வந்து கடையைத் திறக்கும்போது அப்பா, "நாமளே தோய்ச்சுத் தோய்ச்சு..." என்று ஆரம்பித்துவிட்டுச் சாவியைத் தேடுவதுபோலப் பையைத் துழாவினார். சாவி கையில்தான் இருந்தது.

சமையல்கட்டை ஒட்டிய நடையில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் புதுப் படுக்கை போட்டார்கள். அப்பா பழைய துணிகளை வெறுந்தண்ணீரில் அலசி அலசி, மூக்கில் வைத்து முகர்ந்து, மறுபடி அலசினார். மாப்பிள்ளை வந்து பார்த்தது. சுற்றி ஒரு நடை நடந்தது. தலையணைக்கு உறை மாற்றிக் காத்திருக்கும் வேலைக்காரர்களைப்போல அப்பாவும் சின்னவளும் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தது. பிறகு திரும்பி மடிப்பறைக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

கதவைச் சாத்தினால் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு முனகியது. துணிக்கூடையோடு திறக்கிற நேரம் பார்த்துக் காலிடுக்கில் நுழைந்து உள்ளே போனது. மேசையிலிருந்து தொங்குகிற விரிப்பின் நுனியை இழுத்துப் போட்டு, அதன்மேல் படுத்து, முக்காலிச் சட்டத்தில் மோவாயை வைத்துக்கொண்டு சொறிந்தது. தூக்கி வந்து விட்டால் மறுபடி போனது. அதற்கு வேண்டியது விரிப்பு இல்லை, அந்த இடம் என்று சின்னவளுக்குப் புரிந்தது. முக்காலியை நடைக்குத் தூக்கி வந்து போட்டுப் பார்த்தாள். முக்காலியையும் அப்பா எப்போதோ சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவியிருந்தார். மாப்பிள்ளை அதை ஒரு முறை முகர்ந்துவிட்டுக் கதவுக்கே திரும்பிவிட்டது.

பெரியவள் வந்து பார்த்தாள். வயிற்றின் புண்ணைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. அங்க மெஷினும் இல்ல, மணமும் இல்ல. இங்க வெச்சுக்கிட்டு இப்படி வதைக்கணுமா?"

"ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே வீட்ல இருந்துட்டுப் போறோம், மாமா" என்றார் அவள் புருஷன், எல்லோரையும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று.

அப்பா தரையைப் பார்த்தார். "லாட்ஜுக்காரன்கிட்ட வாசன வேணாம்னு சொன்னா வேற கடைய பாத்துப்பான். என்ன பண்றது? ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா போன பிறகு அவள் மனம்விட்டு ஏதாவது பேசினாள் என்றால் அது மேசைக்கு அடியில் படுத்திருந்த அந்த ஒன்றிடம்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.  வயிற்றுப் புண்ணைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எப்படி வரும்?

ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது.

அம்மா போன அந்த வாரம், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன மறுநாள், அப்பா அம்மாவின் துணிகளையெல்லாம் வாரி எடுத்தார். உடுத்தியது, உடுத்தாதது, கொடியில் கிடந்தது, தலையணை உறை, துண்டு, ஒன்று விடாமல் மெஷினில் போட்டார். காயவைத்தார். இஸ்திரி போட்டு, யாரோ நாளைக்கு வந்து வாங்கிக்கொண்டு போகப்போகிற துணிபோல விளிம்போடு விளிம்பு பொருத்தி அடுக்கிவைத்தார். சின்னவள் அலமாரியைத் திறந்து முகத்தைப் புதைத்தபோது சோப்பு வாசனைதான் வந்தது. அன்றைக்கு அவரைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் எப்படி இப்படிக் கழுவி விடுவார்?

அவர் கையில் சிக்காமல் தப்பியது ஒரே ஒரு சட்டை. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைதான். நைந்துபோனதென்று அவர் தூக்கிப் போட்டதை, ஆவியும் பஞ்சும் படாமலிருக்க அம்மா வேலை நேரத்தில் மேலே மாட்டிக்கொள்வாள். பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்கு. சின்னவள் அதைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, உறையைத் தகரப்பெட்டியில் போட்டு, பெட்டியை இஸ்திரி மேசைக்கு அடியில் கரித்துணிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தாள். ரொம்பவும் தாங்க முடியாத நாட்களில் மட்டும் எடுப்பாள். உறையின் வாயை ஒரு விரல் அகலம் திறந்து, மூக்கை வைத்து, ஒரே ஒரு மூச்சு. உடனே மூடிவிடுவாள். வியர்வையும் டிரையரின் சூடும் இருமல் மிட்டாயின் காரமுமாக அம்மா அப்படியே வந்து மூக்கை இடித்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதோ என்று பயந்து, இப்போதெல்லாம் திறக்காமல் உறையை மடியில் வைத்துக்கொண்டு மட்டும் இருப்பாள்.

இதை நாய்க்குப் போட்டால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். சில நாட்களில் எச்சில் வாடையும் களிம்பு வாடையும்தான் இருக்கும். அம்மா இருக்க மாட்டாள். துவைத்துப் போக்கினாலும் போனதுதான், படுத்துப் போக்கினாலும் போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு விடுமுறை. அப்பா மெஷின் அறையில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தட்டு, மருந்து ஷாம்பு, களிம்பு, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு வாசலருகே வைத்திருந்தார். ஊருக்குப் போகிற ஆளின் மூட்டைபோல இருந்தது அது. மாப்பிள்ளை மடிப்பறைக் கதவுக்கு முன்னால் புனலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தது. நக்க வழியில்லாமல் உடம்பு மட்டும் அலையலையாகத் துடித்தது.

சின்னவள் தகரப்பெட்டியை இழுத்தாள். உறையைத் திறந்தாள். இந்த முறை விரல் அகலம் இல்லை, முழுசாக. முகத்தை உள்ளே புதைத்து நெஞ்சு கொள்கிற மட்டும் இழுத்தாள். விடுவதற்கு மனமில்லாமல் மூச்சை அப்படியே பிடித்து வைத்திருந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் விட்டாள்.

நடைக்குப் போய்ப் படுக்கையின்மேல் சட்டையை விரித்தாள். ஊக்கைக் கழற்றி எடுத்துத் தன் சட்டை ஓரத்தில் குத்திக்கொண்டாள். கூப்பிடவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

கதவுப் பக்கமிருந்து முதலில் முனகல் நின்றது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம். பிளாஸ்டிக் புனல் சுவரில் இடித்துக்கொண்டு வந்தது. படுக்கையின் விளிம்பில் மாப்பிள்ளை நின்றது. சட்டையின் கழுத்துப் பட்டியை முகர்ந்தது, கைப் பகுதியை முகர்ந்தது, திரும்பவும் கழுத்துக்கு வந்தது. வாலாட்டவில்லை. தலையைத் தூக்கிச் சமையல்கட்டைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, அவளையும் பார்த்தது. "வரமாட்டாங்கடா" என்றாள் சின்னவள் மெல்ல. அது சுற்றியது, இன்னொரு முறை சுற்றியது, பிறகு முன்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் விட்டுப்போனதுபோலச் சட்டையின்மேல் பொத்தென்று விழுந்தது. அவள் புனலைக் கழற்றினாள். அது மோவாயை இறக்கிச் சட்டையின் கை மடிப்பின்மேல் வைத்துக்கொண்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

அவள் காத்திருந்தாள். டக் டக் வருமென்று. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். சமையல்கட்டில் குழாய் சொட்டியது. மாப்பிள்ளை பாதத்தை ஒரு முறை நக்கியது. பிறகு அதுவும் நின்று, குறட்டை வந்தது.

வெயில் ஜன்னலைத் தாண்டி நடைக்குள் வந்தபோது அப்பா அழுக்குக்கூடையோடு வந்தார். நடந்துகொண்டே கண்ணில் பட்டதையெல்லாம் குனிந்து எடுத்துக் கூடையில் போடுவது அவர் பழக்கம். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தார். கதவுப் பிடியில் தொங்கியதை எடுத்தார். படுக்கைக்கு வந்ததும் பாதி குனிந்து, நாய்க்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சட்டைக் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தது.

அப்பாவின் கை அப்படியே நின்றது. துணியின் நைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது... என் சட்ட."

"ஆமாப்பா."

"எத்தன நாள் தேடினேன் தெரியுமா இத?" அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எல்லாத்தையும் தோய்ச்சுட்டேன்மா அன்னிக்கு. கை சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு. அடுக்கி வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அப்புறம் தேடினேன், ஏதாவது ஒன்னு தப்பியிருக்குமான்னு." சின்னவளைப் பார்த்தார். "இத தோய்க்கலல்ல?"

"இல்லப்பா."

கூடையைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி நெட்டி முறிய, மெல்ல மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். பிறகு நாயின் தூக்கம் கலையாமல், அந்தச் சட்டைக் கை எந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததோ அந்த அளவுக்கு மட்டும் குனிந்து, அதில் மூக்கை வைத்தார்.

வாசலில் பெரியவளின் புருஷனுடைய வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தார். "மாமா! மாப்பிள்ளை ரெடியா?" என்று குரல் வந்தது. சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. மறுபடி ஹாரன் அடித்தது. சட்டைமேல் படுத்திருந்த மாப்பிள்ளையின் வால் மட்டும் ஒரு முறை எழுந்து, தரையில் தட்டி, அடங்கியது.